பழைய கமாரோவுக்குப் பின்னால் அகல டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்த இடத்தில் ஒட்டிக்கொண்ட பைத்தியம் இது. என் கராஜில் நிற்பது 1968 செவர்லே கமாரோ. ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் க்ரூஸுக்கு வருஷா வருஷம் ஓட்டிக்கொண்டு போவேன். 1995இல் ஃபெர்ன்டேல் ஊரில் கால்பந்து மைதானத்துக்குப் பணம் சேர்க்க ஆரம்பித்த கார் ஊர்வலம், இன்றைக்குத் தேர்த்திருவிழாக் கூட்டம். அங்கே வண்டியை ஓரங்கட்டினால் வருகிறவர்களில் பாதிப் பேர் இன்ஜினைப் பார்ப்பதில்லை. நேரே பின்பக்கம் போய்க் குனிவார்கள். "எத்தனை இன்ச் டயர்? மட்கார்டில் உரசலையா?" தமிழ் நண்பர்கள் போனிலும் இதையே கேட்பதால், எழுதி வைத்துவிட்டேன்.

பதில்கள் 1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறைக் கமாரோவுக்கு உரியவை. அளவெடுக்கும் முறை மஸ்டாங், சார்ஜர், செவெல் போன்ற அந்தக் காலக் கார்கள் எல்லாவற்றுக்கும் செல்லும். எண்கள் செல்லாது.

இவ்வளவு பலமான வண்டிக்குக் கம்பெனியே ஏன் அகல டயர் போட்டுத் தரவில்லை?

அது பலமான வண்டியாக மட்டும் விற்கப்படவில்லை என்பதுதான் காரணம். 1967 கமாரோவின் அடிப்படை இன்ஜின் 230 கன இன்ச், ஆறு சிலிண்டர், 140 குதிரைத்திறன். ஆபீசுக்கும் கடைக்கும் போய்வர வாங்கியவர்களே நிறைய. அதே கூட்டுக்குள்தான் 396 கன இன்ச் இன்ஜினையும் இறக்கினார்கள். 1969இல் அலுமினிய 427 வைத்த இசட்எல்-1 என்று 69 வண்டிகள் மட்டும் செய்தார்களே, அதற்கும் சக்கரக் கூண்டு, அதாவது மட்கார்டுக்குள் சக்கரம் உட்காரும் குழி, இதேதான். குதிரைகள் மாறின, லாயம் மாறவில்லை.

சாதாரண ரிம் 14 இன்ச் உயரம், அகலமும் குறைவு. பந்தயத்துக்குத் தோதான 1969 இசட்-28 மாடலுக்குக்கூட 15க்கு 7 இன்ச் ரிம்மில் ஈ70-15 டயர்தான். அந்தக் காலக் குறியீட்டில் எழுத்து டயர் சுமக்கும் எடையைச் சொல்லும். 70 என்பது பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம் உயரம். இன்று குடும்பம் போகிற சாதாரண செடானிலேயே அதைவிட அகலமான டயர் இருக்கிறது.

டயர் அகலமானால் தரையில் படும் பரப்பு கூடும், அதனால் பிடிப்பும் கூடும். சரிதானே?

பாதி சரி. பின்சக்கரம் ஒன்றின் மேல் 750 பவுண்டு எடை, உள்ளே 30 பிஎஸ்ஐ காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 25 சதுர இன்ச். தரையில் படும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான், டயர் ஒல்லியோ குண்டோ. மாறுவது வடிவம்: ஒல்லி டயரில் நீளவாக்கில் படும், அகல டயரில் குறுக்குவாக்கில் படும்.

ஆதாயம் வேறு வழியில் வருகிறது. பெரிய டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம், அப்போது பரப்பு நிஜமாகவே கூடும். ரப்பரும் அதிகம், அதனால் சூடு பரவும். மென்மையான ரப்பர் போட்டாலும் சீக்கிரம் தேய்ந்து போகாது. மழையில் கதை தலைகீழ்: தண்ணீரை ஒதுக்க முடியாமல் அகல டயர்தான் முதலில் மிதக்கும். ஜூலை மாத மழையில் ஃப்ரீவேயில் ஒருமுறை ஸ்டியரிங் காற்றில் சுற்றுவதுபோல் லேசாகிவிட்டது. அதிலிருந்து மேகம் கறுத்தால் வண்டி கராஜிலேயே இருக்கும்.

பேக்ஸ்பேசிங், ஆஃப்செட் என்று இரண்டு சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் ஒன்று தெரிந்தால் மற்றொன்று தெரிந்துவிடும். ரிம்மை முகம் கீழே படும்படி தரையில் கவிழ்த்து வையுங்கள். மேலே தெரியும் விளிம்பின் குறுக்கே ஒரு நேர் கட்டையை வைத்து, அங்கிருந்து உள்ளே பிரேக் டிரம்மோடு ஒட்டி உட்காரும் முகம் வரை டேப்பை இறக்குங்கள். அந்த ஆழம்தான் பேக்ஸ்பேசிங். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அந்த முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது.

எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "8 இன்ச் ரிம்" என்பது டயர் உட்காரும் இரண்டு மேடைகளுக்கு இடையிலுள்ள அகலம். வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்தால் 9 இன்ச் வரும். ஆகவே 8 இன்ச் ரிம்மில் பேக்ஸ்பேசிங் 4.5 இன்ச் என்றால் ஆஃப்செட் பூஜ்யம். எட்டில் பாதி நான்கு என்று கணக்குப் போட்டவர் அரை இன்ச் தவறி நிற்பார். இந்த வேலையில் அரை இன்ச் என்பது பெரிய நிலம்.

பேக்ஸ்பேசிங் கூடினால் சக்கரம் உள்ளே போகும். குறைந்தால் வெளியே வரும். கமாரோவில் கூடுதல் இடம் உள்பக்கம்தான் இருக்கிறது. இதை மட்டும் மறக்காதீர்கள்.

எப்படி அளப்பது? எங்கே தொடங்குவது?

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின்பக்கம் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றியபின், ஸ்டாண்டை ஆக்சில் குழாய்க்கு அடியில் வையுங்கள், பாடிக்கு அடியில் வேண்டாம். பாடிக்கு முட்டுக் கொடுத்தால் ஆக்சில் தொங்கும், இடைவெளி எல்லாம் தாராளமாகத் தெரியும். அதை நம்பி வாங்கிய டயர், வண்டி தரையில் உட்கார்ந்ததும் பல்லைக் காட்டும்.

பிரேக் டிரம்மின் முகத்தில் ஒரு நேர் பட்டியை நிறுத்தி இரண்டு அளவு எடுக்க வேண்டும். உள்ளே: டிரம் முகத்திலிருந்து கூண்டின் உட்சுவரோ லீஃப் ஸ்பிரிங்கோ (ஆக்சிலைத் தாங்கும் நீளத் தகடு ஸ்பிரிங்), எது முதலில் தட்டுமோ அதுவரை. வெளியே: டிரம் முகத்திலிருந்து மட்கார்டு உதட்டின், அதாவது உள்பக்கம் மடிந்திருக்கும் விளிம்பின், உள்முனை வரை. டயர் மிகவும் பருத்திருக்கும் உயரம் எதுவோ அங்கே ஓர் அளவு, உதடு கீழிறங்கும் இடத்தில் ஓர் அளவு. பிறகு ஆக்சிலின் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் ஏற்றி, பள்ளத்தில் இறங்கிய மாதிரி ஆக்கி, மறுபடியும் அளங்கள். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்சில் மேலும் கீழும் மட்டும் போவதில்லை. திருப்பத்தில் பக்கவாட்டிலும் கொஞ்சம் நழுவும். ஸ்பிரிங் முனைகளில் இருக்கும் புஷ் ரப்பர் பழசாக இருந்தால் இன்னும் நழுவும். புஷ் மாற்றுவதாக இருந்தால் அதை முடித்துவிட்டு அளங்கள். டிரம்மை எடுத்து டிஸ்க் பிரேக் போடும் எண்ணம் இருந்தாலும் அப்படித்தான். டிஸ்க்கின் தடிமன் சக்கரத்தை வெளியே தள்ளிவிடலாம்.

இவ்வளவும் ஒரு பக்கம். இனி அடுத்த பக்கத்தை அதேபோல் அளங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே அளவாகத்தானே இருக்கும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த வண்டிகள் ஓஹையோவில் நார்வுட், கலிஃபோர்னியாவில் வான் நைஸ் என்று இரண்டு ஆலைகளில் வேகவேகமாகக் கோத்து அனுப்பப்பட்டவை. ஆக்சில் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பது அதிர்ஷ்டம்.

என் வண்டியின் கணக்கைத் தருகிறேன். இடப்பக்கம் உள்ளே 162 மி.மீ., வெளியே 130. வலப்பக்கம் உள்ளே 153, வெளியே 139. கூட்டினால் இரண்டு பக்கமும் 292தான். ஆனால் ஆக்சில் நாலரை மி.மீ. இடப்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அதனால் இரண்டு பக்கத்துக்கும் 9 மி.மீ. வித்தியாசம்.

இந்த எண்களை நான் எடுத்தது டயர் வாங்கிய பிறகு. அதுதான் தப்பு. கடைக்காரர், "முதல் தலைமுறைக் கமாரோவா? 15க்கு 8 ரிம், 4.5 பேக்ஸ்பேசிங், 255/60 டயர், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன். (255 என்பது மி.மீ.யில் டயரின் அகலம், 60 என்பது முன்பு சொன்ன பக்கச்சுவர் சதவீதம்.) 8 இன்ச் ரிம்மில் அந்த டயர் ஏறக்குறைய 260 மி.மீ. பருக்கும், ஆஃப்செட் பூஜ்யம் என்பதால் பாதிக்குப் பாதி, உள்ளே 130, வெளியே 130. வலப்பக்கம் 9 மி.மீ. மிச்சம். இடப்பக்கம் மிச்சம் பூஜ்யம்.

நானும் மனைவியும் மட்டும் போனபோது ஒன்றும் தெரியவில்லை. மச்சானையும் அவர் பையனையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டினேன். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது டயரின் வெள்ளை எழுத்துகளுக்கு மேலே சுற்றிலும் ஒரு வளையம் சீவப்பட்டு, கறுப்பு ரப்பர் சுருள்கள் மட்கார்டு உதட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. பையன் ஒரு சுருளை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த வண்டிகளில் அது பொருந்தியிருக்கும்.

அப்படியானால் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

உள்ளேயும் வெளியேயும் அரை இன்ச், அதாவது 12 மி.மீ. இருந்தால் நிம்மதி. இரண்டு பக்கங்களில் எது குறைவோ அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டிக்கு உள்ளே 153, வெளியே 130. பன்னிரண்டு பன்னிரண்டாகக் கழித்தால் 141, 118. கூட்டினால் 259. அதே 255/60 டயர்தான் ஏறக்குறைய வருகிறது, ஆனால் சக்கரம் 11 மி.மீ. உள்ளே போயிருக்க வேண்டும். ரிம் வாங்கும்போது 4.5க்குப் பதில் 4.9 இன்ச் பேக்ஸ்பேசிங் கேட்டிருந்தால் மட்கார்டைத் தொடாமலே வேலை முடிந்திருக்கும்.

ரிம் அகலத்தையும் கணக்கில் சேருங்கள். ரிம் அரை இன்ச் அகலமானால் டயர் சுமார் 5 மி.மீ. பருக்கும். பட்டியலில் போட்டிருக்கும் பருமன் ஒரு குறிப்பிட்ட ரிம்மில் அளந்தது.

மட்கார்டு உதட்டை மடிப்பது என்கிறார்களே, வெட்டிவிட்டால் என்ன?

வெட்டாதீர்கள். அந்த உதடு அழகுக்கு வைத்ததில்லை. வெளித்தகடும் கூண்டுத் தகடும் அங்கேதான் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்கின்றன. வெட்டினால் தையல் பிரிந்த சட்டைதான்; சேறும் உப்பும் உள்ளே போய் இரண்டே குளிர்காலத்தில் துரு தின்றுவிடும். வெட்டியே ஆகவேண்டும் என்றால் இரண்டு தகட்டையும் மறுபடி வெல்டிங் வைத்து மூட வேண்டும்.

மடிப்பது வேறு. டிரம்மில் பூட்டும் உருளைக் கருவி ஒன்று வாடகைக்குக் கிடைக்கும். உதட்டை ஹீட் கன்னால் சூடாக்கி, கை வைத்தால் பொறுக்க முடியாத அளவுக்கு ஆனதும், உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். சூடு போதாவிட்டால் பெயின்ட் சிலந்திவலை மாதிரி வெடிக்கும். ஏற்கெனவே டிங்கர் வேலை பார்த்துப் பட்டி தடவிய வண்டி என்றால் பட்டி பெயர்ந்து விழும். காந்தம் ஒட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பேஸ்பால் மட்டையைச் செருகி நெம்புகிற நாட்டு வைத்தியமும் உண்டு. மட்கார்டு அலை அலையாக ஆனவர்களை எனக்குத் தெரியும்.

எனக்கு இரண்டு பக்கமும் மடித்ததில் 15 மி.மீ. கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம். அன்றிலிருந்து உரசல் இல்லை.

உதட்டை மடித்தாகிவிட்டது. 275/60 போட்டுவிடலாமா?

8 இன்ச் ரிம்மில் 275 என்றால் பாதி 137.5. மடித்தபின் என் இடப்பக்கம் வெளியே 145. மிச்சம் ஏழரை மி.மீ. ஆள் ஏறாத வண்டிக்குச் சரி. எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பேக்ஸ்பேசிங் கூட்டி உள்ளே தள்ளிப் போடுகிறார்கள். அகலம் மட்டும் பார்த்தால் போதாது: இந்த டயரின் உயரம் 28 இன்ச். கூண்டின் முன்சுவரிலும் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 1969 மாடலின் பக்கத்தகடும் சக்கர வளைவும் முந்தைய இரண்டு வருஷங்களிலிருந்து வேறு. அந்த வண்டிக்காரர் சொல்லும் எண்ணை 68க்கு அப்படியே எடுக்காதீர்கள்.

பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் உரசாதே?

எழுபதுகளில் ஊர் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். காற்றடைத்த ஷாக் அப்சார்பர், நீட்டிய ஷாக்கிள் (லீஃப் ஸ்பிரிங்கின் முனையை வண்டியோடு சேர்க்கும் இணைப்பு), பின்பக்கம் வானத்தைப் பார்க்கும் வண்டி. ஷாக் அப்சார்பர் மாட்டும் தகடு வண்டியின் எடையைச் சுமக்கச் செய்ததில்லை. நாளாக நாளாகக் கிழியும். பார்க்க எனக்கும் பிடிக்கும். ஓட்டப் பிடிக்காது.

ஸ்பேசர் போடலாமா?

பின்பக்கம் உங்களுக்குத் தேவை சக்கரத்தை உள்ளே கொண்டுபோவது. ஸ்பேசர் என்பது ரிம்முக்கும் டிரம்முக்கும் நடுவே வைக்கும் தடித்த வளையம், அது வெளியே தள்ளும். தவறான ரிம் வாங்கி லீஃப் ஸ்பிரிங்கில் தட்டினால் மட்டுமே அதற்கு வேலை.

அப்படிப் போட்டால் நட்டு எத்தனை சுற்றுப் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். கமாரோவின் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் திருகுக் கம்பி, 7/16 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 20 புரி. ஸ்டட்டின் பருமன் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது நட்டு கடிக்க வேண்டும் என்பது பழைய விதி. கையால் திருகும்போது 9 முழுச் சுற்று வர வேண்டும். ஆறில் நின்றால் நீள ஸ்டட் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

மினி டப் என்றால் என்ன? எப்போது அது தேவைப்படும்?

கூண்டின் உட்சுவரை வெட்டி, சேஸிஸ் சட்டம் வரை உள்ளே நகர்த்தி, இடையில் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்வது. 295க்கு மேல் போக நினைப்பவர்களுக்குத்தான். அதோடு நிற்காது: லீஃப் ஸ்பிரிங்கை உள்ளே நகர்த்த வேண்டியிருக்கலாம், ஷாக் அப்சார்பர் இடம் மாறும், டிக்கிக் கீலும் பின்சீட்டுச் சட்டமும் குறுக்கே வரும். ஆக்சிலையே குட்டையாக்கவும் நேரும்.

1970இல் டிராக் பந்தயம் நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பு ப்ரோ ஸ்டாக் பந்தயப் பிரிவைத் தொடங்கியது. அந்த வண்டிகளின் ராட்சத டயரைப் பார்த்துத்தான் பிறகு தெருவில் ஓடும் வண்டிக்கும் பின்சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரிய கூண்டு வைக்கும் மோகம் வந்தது. மினி டப் அதன் அடக்கமான தம்பி.

இன்ஜின் எண்ணும் பாடி எண்ணும் ஒத்துப்போகும் ஒரிஜினல் வண்டி கையில் இருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள். ஏற்கெனவே யாரோ வெட்டிக் குதறிய வண்டிகள் விலைக்கு எவ்வளவோ கிடைக்கின்றன.

ஸ்பீடோ மீட்டர் மாறுமா?

உயரம் மாறினால் மாறும். பழைய டயர் 26 இன்ச் என்று வைத்தால், 27 இன்ச் உயரமுள்ள 255/60இல் முள் 60 மைல் காட்டும்போது நிஜ வேகம் 62 சொச்சம். 28 இன்ச்சில் 64க்கு மேல். கியர்பாக்ஸின் வாலில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

இன்னொன்றும் நடக்கும். 3.73 விகித டிஃபரன்ஷியலில் 60 மைல் வேகத்தில் 2,890 ஆர்பிஎம் சுற்றிய இன்ஜின் 28 இன்ச் டயரில் 2,690க்கு இறங்கும். நெடுஞ்சாலையில் காதுக்கு இதம். சிக்னலில் புறப்படும்போது சோம்பல்.

ஆக்சில் தாங்குமா?

வழுக்குகிற டயர் ஒரு ஃப்யூஸ் மாதிரி. அதிக வேகம் கொடுத்தால் சுழன்று புகைவிட்டுப் போய்விடும். பிடிக்கிற டயர் போட்டால் அந்த முறுக்கு முழுவதும் ஆக்சிலுக்குள் போகும். இந்த வண்டிக்கு வந்த ஆக்சில் இரண்டு வகை, போல்ட் எண்ணிக்கையை வைத்துப் பெயர். 10 போல்ட் ஆக்சிலின் உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம், அதாவது கிரௌன், 8.2 இன்ச், 12 போல்ட்டுடையது 8.875. பெரிய இன்ஜினும் ஒட்டும் டயரும் உள்ளவருக்கு 12 போல்ட் வேண்டும். இரண்டிலுமே சக்கரத்தை வெளியே போகாமல் பிடித்திருப்பது உள்முனையில் இருக்கும் சின்ன சி வடிவக் கிளிப். தண்டு ஒடிந்தால் வெளித்துண்டு சக்கரத்தோடு மட்கார்டை விட்டு வெளியே கிளம்பும்.

1967காரர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. அந்த வருஷ லீஃப் ஸ்பிரிங் ஒற்றைத் தகடு. பிடிப்பு கூடினால் அது எஸ் எழுத்து மாதிரி முறுக்கிக்கொண்டு சக்கரம் தவளையாய்க் குதிக்கும். 1968இல் பலமான மாடல்களுக்கு அடுக்குத் தகடு ஸ்பிரிங் கொடுத்து, ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்தார்கள்.

15 இன்ச் நல்லதா, 17 இன்ச்சா?

தோற்றத்துக்கு 15. பிடிப்புக்கு 17, நல்ல ரப்பர் எல்லாம் இப்போது அந்த அளவில்தான் வருகிறது. 17க்கு 9 ரிம்மில் 5.5 பேக்ஸ்பேசிங்கோடு 275/40 போடுகிறவர்கள் அதிகம், உதட்டை மடித்துவிட்டு. எனக்குப் பழைய வண்டியில் ஒல்லிப் பக்கச்சுவர் பார்க்க, வேட்டிக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாதிரி இருக்கிறது. உங்கள் கண் வேறாக இருக்கலாம்.

முன்பக்கத்தை அப்படியே விட்டுவிடலாமா?

விடலாம், ஆனால் வளைவில் மூக்கு வெளியே இழுக்கும். பின்பக்கம் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுக்கு முன்பக்கம் சொன்ன பேச்சு கேட்காது. பெரிய இன்ஜின் வண்டியில் இன்னும் மோசம். முன்னால் பழைய வகைப் பயஸ் டயரும் பின்னால் இன்றைய வகை ரேடியலும் கலந்து போடவே கூடாது.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. எடுத்துக்கொண்டு போகலாமா?

டயரின் தோள் முழுக்கச் சாக்பீஸால் தேய்த்துவிட்டுப் போங்கள். பின்சீட்டில் இரண்டு பேரை ஏற்றுங்கள். மேடு பள்ளமான தெருவில் மெதுவாக ஒரு சுற்று, ஏதாவது பார்க்கிங் நுழைவாயிலில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி கோணலாக ஒரு ஏற்றம். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே தொடுகிறது. எனக்கு வலப்பக்கம் அப்படியே இருந்தது. இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் மங்கியிருந்தது, உதடு கதவுப் பக்கமாக இறங்கும் இடத்தில். உருளை அங்கே சரியாக எட்டவில்லை. ஹீட் கன்னை மறுபடி எடுத்து, மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு.

50 மைல் ஓடியபின் முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து எல்லா நட்டையும் திரும்ப ஒருமுறை முறுக்குங்கள். புது அலுமினிய ரிம் என்றால் கொஞ்சம் இளகியிருக்கலாம்.